மழையில் எரிந்து, சாவியைத் திருப்பினால் அணையும் விளக்குகள்: மாட்யூலை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வாசகர் கேள்வி: தக்கலைக்கு அருகில் குடியிருக்கிறேன். வேலை குளச்சலில். இரணியல், திங்கள்நகர் வழியாகத் தினமும் காரில் போய் வருகிறேன். பகல் முழுவதும் வண்டி கடற்கரைப் பக்கம்தான் நிற்கும். ஏழு வருடப் பழைய டீசல் கார். சில வாரங்களாக மழை பெய்யும்போதும், குண்டும் குழியுமான இடத்தில் வலப்புறம் திரும்பும்போதும் ஏ.பி.எஸ்., டிராக்‌ஷன் கண்ட்ரோல், இ.எஸ்.பி. ஆகிய மூன்று விளக்குகளும் சேர்ந்தே எரிகின்றன. வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் அணைந்துவிடுகின்றன. ஒரு பட்டறையில் ஸ்கேனர் மாட்டி, பதிவாகியிருந்த பிழைக் குறியீடுகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். மறுபடி வந்தால் ஏ.பி.எஸ். மாட்யூலை மாற்ற வேண்டுமாம். இதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இடது முன்சக்கரத்தின் பேரிங்கை மாற்றியிருந்தேன். என்ன செய்யலாம்?

பதில்: மாட்யூலை, அதாவது இந்த அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியை, மாற்ற இப்போது சம்மதிக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களில் மாட்யூலைச் சுட்டுவது எதுவும் இல்லை. மழை, குலுக்கல், வலப்புறத் திருப்பம், அண்மையில் மாற்றிய பேரிங் ஆகிய நான்கும் ஒரு சக்கரத்தின் வேக சென்சாரையும், அதற்குச் செல்லும் வயரையும், நடுவில் இருக்கும் கனெக்டரையுமே காட்டுகின்றன.

மூன்று விளக்குகள் எரிவதால் மூன்று கோளாறுகள் இருப்பதாக நினைக்க வேண்டியதில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏ.பி.எஸ்., சக்கரம் வெறுமனே சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல், வண்டி திரும்பும் பாதையிலிருந்து விலகாமல் பிடிக்கும் இ.எஸ்.பி. ஆகிய மூன்றும் நான்கு சக்கரங்களின் வேகத்தையே அடிப்படையாகக் கொண்டு வேலை செய்கின்றன. அவற்றுள் ஒன்றின் தகவல் ஒரு கணம் அறுந்தாலோ, மற்ற மூன்றுடன் பொருந்தாமல் போனாலோ, தவறான கணக்கை வைத்து பிரேக்கைப் பிடிப்பதைவிட ஒதுங்கிக்கொள்வதே மேல் என்று மாட்யூல் மூன்றையும் நிறுத்திவிடுகிறது. சாவியைத் திருப்பியதும் அது தன்னையும் வயர்களையும் மறுபடி சோதிக்கிறது. அப்போது வண்டி அசையாமல் நிற்பதால் விட்டுப்போன தொடர்பு ஒட்டிக்கொண்டு, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிகிறது. ஆகவே விளக்கு அணைவதைக் கோளாறு தீர்ந்ததற்கு அடையாளமாகக் கொள்ளக் கூடாது.

இ.எஸ்.பி. விளக்கு மின்னுவதையும் தொடர்ந்து எரிவதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைப் பக்கம் ஈரமான மேட்டில் ஏறும்போது விளக்கு சில நொடிகள் மின்னி அணைந்தால், அந்த அமைப்பு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அதற்குப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. உங்களுக்கு எரிவதுபோல் நிலையாக எரிந்தால்தான் கோளாறு.

பட்டறையில் செய்த தவறு, குறியீடுகளைக் குறித்துக்கொள்ளாமல் அழித்ததுதான். தடயத்தைத் துடைத்துவிட்டுத் திருடனைத் தேடுவதுபோன்ற வேலை அது. பிழைக் குறியீட்டுடன், அது பதிவான நேரத்தில் வண்டி என்ன வேகத்தில் ஓடியது, மின்னழுத்தம் எவ்வளவு இருந்தது என்பதையும் பல வண்டிகள் சேமித்து வைக்கின்றன. விட்டுவிட்டு வரும் கோளாறில் அதைவிட மதிப்புள்ள தகவல் கிடையாது. அடுத்த முறை விளக்கு எரிந்ததும் எதையும் அழிக்கவிடாமல், திரையில் தெரிவதை முதலில் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை என்ஜின் குறியீடுகளை மட்டுமே படிக்கும்; ஏ.பி.எஸ். மாட்யூலுடன் பேசக்கூடிய ஸ்கேனர்தான் வேண்டும். அதில் ‘சி’ என்ற எழுத்தில் தொடங்குபவை பிரேக், ஸ்டியரிங் போன்ற அடித்தளப் பகுதிகளுக்கும், ‘யு’ என்று தொடங்குபவை மாட்யூல்களுக்கு இடையிலான தகவல் தொடர்புக்கும் உரியவை. குறியீடு ஒரு மின்சுற்றின் பெயரைத்தான் சொல்லுமே தவிர, கெட்டுப்போன பாகத்தின் பெயரைச் சொல்லாது. ‘இடது முன்சக்கர சென்சார்’ என்று திரையில் வந்தவுடன் புது சென்சார் வாங்கிப் பொருத்துவதும், விளக்கு மறுபடி எரிந்ததும் மாட்யூல் வரை போய் நிற்பதும் இதை மறப்பதால் வருவதுதான்.

ஆகவே குறியீட்டை விட்டு, ஓடும்போது வரும் நேரடித் தகவலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனரில் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நேரான சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் நான்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். பிறகு அதே வேகத்தில் பள்ளமான இடத்தில் வலப்புறம் திரும்புங்கள். திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரங்கள், அதாவது இடப்புறத்தவை, சற்றுக் கூடுதலாகச் சுழல்வது இயல்பு. ஆனால் ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று சுழியத்துக்கு விழுந்து எழுந்தால், அல்லது எண் தாறுமாறாகக் குதித்தால், குற்றவாளி அங்கேதான். திரையைப் பக்கத்து இருக்கையில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் பார்க்கக் கூடாது.

என் கணிப்பில் அது இடது முன்சக்கரமாகவே இருக்கும். இன்றைய பல கார்களில் வேகத்தை அளப்பதற்கான காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே பதிந்திருக்கிறது. பேரிங்கைத் தலைகீழாக அழுத்திப் பொருத்திவிட்டால் சென்சாருக்கு எந்தச் சமிக்ஞையும் கிடைக்காது. ஆனால் அப்படி நடந்திருந்தால் பட்டறையிலிருந்து வெளியே வந்த அன்றே விளக்கு நிரந்தரமாக எரிந்திருக்கும். உங்களுக்கு விட்டுவிட்டு வருவதால் அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிடலாம். மாறாக, பேரிங் மாற்றுவதற்காக சென்சாரைக் கழற்றியபோது, வயரைச் சஸ்பென்ஷன் தூணில் பிடித்து வைக்கும் ரப்பர் பிடி மறுபடி அதன் கொக்கியில் பொருத்தப்பட்டதா என்று பாருங்கள். அதைப் பொருத்தாமல் விட்டால், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது வயர் இழுபடும், அல்லது டயரில் உரசும். முன்சக்கரத்தை வலக்கடைசி வரை திருப்பி வைத்து, டார்ச் அடித்து, அந்த வயரை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். வெளித்தோல் நன்றாக இருந்து உள்ளே செம்புக் கம்பிகள் அறுந்திருந்தால் அந்த இடம் மட்டும் தொய்வாக வளையும். எலி கடித்த தடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். தென்னையும் வாழையும் சூழ்ந்த வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டிக்கு அது புதிதில்லை.

அடுத்தது கனெக்டர். கடற்காற்றில் நாள் முழுவதும் நிற்கும் வண்டியில், மட்கார்டு உறைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சிறு கனெக்டரைக் கழற்றினால் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருப்பதைக் கண்ணால் காணலாம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருங்கே பெறும் மாவட்டம் இது என்பதால், உப்பு படிந்த இடத்தில் ஈரம் காய்வதற்குப் போதிய இடைவெளி கிடைப்பதில்லை. ஈரம் செம்பு இழைகளின் வழியே உறைக்குள் ஊர்ந்து ஏறவும் கூடும். முனையைத் துடைத்தாலும் கோளாறு திரும்பி வந்தால், சில அங்குலம் உள்ளே வயர் கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், மின்தொடர்புகளுக்கான கிளீனர் ஸ்பிரே அடித்துக் காயவிட்டு, ரப்பர் சீல் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, மின்காப்பு கிரீஸ் சிறிது தடவிப் பொருத்தினால் போதும். அறுந்த வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் பழக்கத்தை இந்த இடத்தில் அனுமதிக்காதீர்கள். முறையாக ஒட்டுப்போட்டு, சூடாக்கினால் சுருங்கும் சீல் குழாயால் மூடச் சொல்லுங்கள். இயன்றால் வயருடன் வரும் புது சென்சாரே நல்லது.

சென்சாரை மின்தடை அளக்கும் ஓம் மீட்டர் வைத்துச் சோதித்து ‘போய்விட்டது’ என்று யாராவது சொன்னால், அது எந்த வகை என்று கேளுங்கள். பழைய சுருள் வகைக்குத்தான் அந்தச் சோதனை பொருந்தும். இப்போது பரவலாக உள்ள, மின்சாரம் கொடுத்தால் மட்டுமே வேலை செய்யும் வகை, சமிக்ஞையை மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வாக அனுப்புகிறது. பொதுவாக 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் இடையே அது மாறிக்கொண்டிருக்கும். அதை ஓம் மீட்டரில் அளந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. சென்சாரின் முகத்தில் இரும்புத் துகள்கள் ஒட்டியிருந்தால் துணியால் துடைத்துவிடுங்கள். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்; வலப்புறம் திரும்பும்போது எடை இடப்பக்கம் சாய்வதால், அப்போது ‘உர்’ என்ற இரைச்சல் கூடினால் இடது பேரிங் மேல் சந்தேகப்படலாம்.

வேறு காரணங்களும் உண்டு. அவற்றை விரைவாகவே பார்த்துவிடலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் விளக்கு வந்தால் பேட்டரியையும் எர்த் இணைப்பையும் பாருங்கள். நிற்கும் வண்டியில் ஏறக்குறைய 12.6 வோல்ட்டும், ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரையிலும் இருப்பது நல்லது. சக்கர அலைன்மென்ட் செய்த பிறகு தொடங்கினால் ஸ்டியரிங் கோண சென்சாரின் நேர்நிலையை ஸ்கேனரில் மறுபடி பதிய வேண்டும். வண்டியின் பின்னால் எரியும் பிரேக் விளக்கும் சேர்ந்து மக்கர் செய்தால் பிரேக் பெடலுக்கு மேலுள்ள ஸ்விட்சைப் பாருங்கள்; அதன் விலை அதிகமில்லை. ஒரு டயர் மட்டும் வேறு அளவாக இருந்தாலும், காற்று மிகக் குறைவாக இருந்தாலும் இதே விளக்குகள் வரும். என்ஜின் செக் விளக்கும் கூடவே எரிந்தால் முதலில் என்ஜின் கோளாற்றைப் பாருங்கள். என்ஜின் விசையைக் குறைக்க முடியாத நிலையில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் தானாகவே விலகிக்கொள்ளும்.

மஞ்சள் விளக்குகள் எரியும்போது சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் ஈரச் சாலையில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டி வண்டி வழுக்கலாம். பழுது பார்க்கும்வரை மழையில் இடைவெளியை அதிகமாக்கி மெதுவாக ஓட்டுங்கள். சிவப்பு நிற பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் முழுவதும் விடுபட்டிருக்கிறதா என்றும், பிரேக் ஆயில் மட்டம் எவ்வளவு என்றும் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுக் கிளம்பாமல், கசிவா, பேட் தேய்மானமா என்று தெரிந்த பிறகே ஓட்டுங்கள்.

இவ்வளவும் பார்த்து, மாட்யூலின் கனெக்டரில் அளந்தபோது நான்கு சக்கரங்களின் சமிக்ஞைகளும் மின்வரவும் எர்த்தும் ஒழுங்காக இருந்து, அதன் பிறகும் குறியீடு திரும்பி வந்தால்தான் மாட்யூலைப் பற்றிப் பேச வேண்டும். பல வண்டிகளில் அதை மாற்றிய பிறகு ஸ்கேனர் மூலம் வண்டிக்கேற்பப் பதிவு செய்வதும், பிரேக் குழாய்களைக் கழற்றியிருந்தால் ஸ்கேனரால் பம்பை இயக்கிக் காற்றை வெளியேற்றுவதும் தேவைப்படும். பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த வசதி பட்டறையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.