மெயில் சர்வருக்கு எந்த ஃபைல்சிஸ்டம்? கரண்ட் போனாலும் மெயில் போகக் கூடாது

நாற்பது பேர் உள்ள அலுவலகம், லினக்ஸில் மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும் பெட்டியிலிருந்து எடுத்துப் படிக்கக் கொடுக்கும் டவ்காட்டும், மெயில்டிர் முறை, மத்தியான இடிமழைக்குக் கரண்ட் போனால் மெயில் தொலையக் கூடாது, எந்த ஃபைல்சிஸ்டம் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எக்ஸ்எஃப்எஸ் போடுங்கள். எக்ஸ்ட்4 தான் கைக்குப் பழக்கம் என்றால் அதுவும் சரி. நம்பகத்தன்மையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, நான் எக்ஸ்எஃப்எஸ் பக்கம் போனதற்குக் காரணமே வேறு.

பினாங்கில் உள்ள பிறையில் ஒரு தொழிற்சாலைக்குச் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். மெயில் வைக்க 40 ஜிபி தனியாகப் பிரித்து எக்ஸ்ட்4 போட்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் கணக்குப் பிரிவு அக்கா போன் போட்டு, "தம்பி, சனிக்கிழமையிலிருந்து ஒரு மெயிலும் வரலையே" என்கிறார். லாக்கைப் பார்த்தால் டிஸ்கில் இடமில்லை என்று வரிவரியாக ஓடுகிறது, காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டால் பாதிக்கு மேல் காலி! அரை மணி நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் டிஎஃப்புக்குப் பின்னால் '-ஐ' சேர்த்துப் பார்க்கத் தோன்றியது. ஐநோட், அதாவது ஒவ்வொரு ஃபைலின் விவரத்தையும் வைக்கும் பதிவு, 100 சதவீதம் தீர்ந்திருந்தது. மெயில்டிரில் ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல், ஒரு ஃபைலுக்கு ஒரு ஐநோட். எக்ஸ்ட்4 ஃபார்மேட் செய்யும்போதே 16 கேபிக்கு ஒன்று என்று எண்ணி வைத்துவிடும், 40 ஜிபிக்குச் சுமார் 26 லட்சம், அவ்வளவுதான். மெஷின்கள் ராத்திரி பகலாக அனுப்பிய இரண்டு கேபி அலாரம் மெயில்கள் அத்தனையையும் தின்றிருந்தன. நல்லவேளை, க்யூ (பெட்டியில் சேரும் முன் மெயில்கள் காத்திருக்கும் இடம்) வேறு பார்ட்டிஷனில் இருந்ததால் வந்த மெயிலெல்லாம் அங்கே காத்திருந்தது (போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் முயன்று பார்த்துவிட்டுத்தான் திருப்பி அனுப்பும்). டிஸ்க் இடத்தைத் தேவைக்கேற்பப் பிரித்துக் கொடுக்கும் எல்விஎம்மில் 20 ஜிபி கூட்டினேன், அதோடு ஐநோட்டும் கூடியது, அன்றைக்குத் தப்பித்தேன். எக்ஸ்எஃப்எஸ் ஐநோட்டைத் தேவைப்படும்போது உண்டாக்கிக்கொள்ளும், இந்தத் தலைவலி அநேகமாக இல்லை. ஆனால் அதைப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது, அதனால் எல்விஎம் முழுவதையும் முதல் நாளே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். எக்ஸ்ட்4 தான் என்றால் ஃபார்மேட் செய்யும்போது 4 கேபிக்கு ஒரு ஐநோட் கேளுங்கள்.

இப்போது கரண்ட் விஷயம். போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலை வாங்கினால் அதை எஃப்சிங்க் செய்து (உடனே டிஸ்கில் எழுதச் சொல்லி) டிஸ்கில் இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் எதிர்ப்பக்கத்துக்கு '250 ஓகே' (வாங்கிக்கொண்டேன்) சொல்லும், சொன்ன மாத்திரத்தில் அவர்கள் தங்கள் க்யூவிலிருந்து அழித்துவிடுவார்கள், அப்புறம் அந்த மெயிலுக்கு நாம்தான் பொறுப்பு. ஃபைல்சிஸ்டம் இதில் ஒழுங்காகத்தான் இருக்கும். பொய் சொல்வது அதற்குக் கீழே உள்ள டிஸ்கோ கார்டோதான். இன்னோர் இடத்தில் பல டிஸ்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டின் பேட்டரி செத்துக் கிடந்தது, வேகம் குறைகிறதே என்று எனக்கு முன்னால் இருந்தவர் அதன் ரைட் கேஷை (டிஸ்கில் இறங்கும் முன் டேட்டா தங்கும் மெமரி, கரண்ட் போனால் அதைக் காப்பது அந்தப் பேட்டரிதான்) கட்டாயமாகத் திறந்துவைத்திருந்தார். ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. மறுநாள் ஒரு வாடிக்கையாளர் "ஆர்டர் அனுப்பினேன்" என்கிறார், எங்கள் லாக்கில் தேடினால் அப்படி ஒரு மெயிலே இல்லை, லாக்கின் கடைசி வரிகளும் சேர்ந்தே போயிருந்தன. அவர்கள் சர்வரின் லாக்கில் மட்டும் எங்கள் க்யூ எண்ணோடு '250 ஓகே' என்று பளிச்சென்று இருந்தது. என்ன பதில் சொல்வது?

ஆகவே வேகத்துக்காக பேரியரை (கேஷில் இருப்பதை டிஸ்கில் இறக்கச் சொல்லி ஃபைல்சிஸ்டம் போடும் கட்டளை) அணைக்கச் சொல்லும் பழைய குறிப்புகளைத் தொடாதீர்கள். கரண்ட் போனால் தாங்கும் கப்பாசிட்டர் உள்ள எஸ்எஸ்டி வாங்குங்கள், யுபிஎஸ் பேட்டரியை அவ்வப்போது பாருங்கள்.

மற்றவை? ரைசர்எஃப்எஸ் மெயில்டிருக்கு அருமை என்று பழைய கட்டுரைகள் சொல்லும், அதை லினக்ஸ் 6.13 கெர்னலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பட்டர்எஃப்எஸ்ஸில் ரெய்டு 5, 6 வேண்டவே வேண்டாம். ஸெட்எஃப்எஸ் நல்ல சரக்கு, டேட்டா சத்தமில்லாமல் கெட்டால்கூடக் கண்டுபிடிக்கும், ஆனால் கெர்னலுக்கு வெளியிலிருந்து வருவது, ஒவ்வொரு அப்டேட்டின்போதும் அதைக் கவனிக்க ஆள் வேண்டும். நாற்பது பேர் அலுவலகத்தில் அந்த ஆள் நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

சர்வரை ஒப்படைக்கும் முன் ஒன்று செய்யுங்கள். இன்னொரு மெஷினிலிருந்து எண் போட்ட மெயில்களை விடாமல் அனுப்பிக்கொண்டே, யுபிஎஸ்ஸைத் தாண்டிச் சர்வரின் பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்ப ஏற்றி, '250 ஓகே' வாங்கிய ஒவ்வொரு எண்ணும் க்யூவிலோ மெயில்டிரிலோ இருக்கிறதா என்று பாருங்கள். நான் மூன்று தடவை பிடுங்கினேன், பாஸ் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து.