பத்மா லட்சுமிக்கு என்ன தகுதி? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'டாப் செஃப்' என்ற அமெரிக்கச் சமையல் போட்டி நிகழ்ச்சியின் பழைய சீசன்களை வரிசையாகப் பார்த்து வருகிறேன். அவற்றில் தொகுப்பாளராகவும் நடுவராகவும் வரும் பத்மா லட்சுமி சமையல் கல்லூரியில் படித்தவர் இல்லை, ஓட்டல் அடுக்களையில் வேலை பார்த்தவரும் இல்லை. மாடலாக இருந்தவர். ஆனால் வருஷக்கணக்காக அடுப்படியில் வெந்தவர்களைப் பார்த்து, கத்திகளை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்லி வெளியேற்றுகிறார். சென்னையில் பிறந்தவர் என்று நாம் பெருமைப்படுவது இருக்கட்டும். அழகைத் தவிர என்ன தகுதி?

கே., கோவை

அன்புள்ள கே.,

அந்த வாக்கியத்தைச் சொல்வது மட்டும்தான் அவருடைய தனிப் பொறுப்பு. வெளியேற்றும் முடிவு மேஜையைச் சுற்றி எடுக்கப்படுவது. டாம் கோலிக்கியோ நியூயார்க்கில் 'கிராஃப்ட்' உணவகத்தைத் தொடங்கிய சமையல்காரர்; நுட்பத்தைப் பிடிப்பது அவர் வேலை. கெயில் சிமன்ஸ் உணவுப் பத்திரிகையிலிருந்து வந்தவர். இவர்களோடு ஒரு விருந்தினர் நடுவரும் பத்மாவும். பல மணி நேரம் ஓடும் விவாதம் நமக்குச் சில நிமிடங்களாக வெட்டி வருகிறது. தயாரிப்பாளர்களையும் கலந்தே முடிவெடுக்கப்பட்டது என்று கடைசியில் பொடி எழுத்தில் ஓடும், கவனித்துப் பாருங்கள். அன்றைய தட்டுக்கு மட்டுமே தீர்ப்பு, போன வாரம் ஜெயித்தது கணக்கில் வராது என்பதும் விதி. நல்ல சமையல்காரர்கள் பாதியில் போவது பெரும்பாலும் இதனால்தான்.

உங்கள் கேள்வி உண்மையில் குத்துவது 'குவிக்ஃபயர்' என்ற குறுகிய நேரப் போட்டிச் சுற்றில்தான். அங்கே பெரும்பாலும் டாம் இருக்க மாட்டார், பத்மாவும் விருந்தினரும்தான். பத்மா கொண்டுவந்தது சாப்பிடுபவரின் நாக்கு. புளிப்பும் காரமும் எங்கே குறைகிறது என்று சட்டென்று சொல்லிவிடுவார். அது நம் வீட்டுச் சமையலில் வளர்ந்த நாக்கு, பயணத்தில் இன்னும் தீட்டப்பட்டது. முதல் சமையல் நூல் 1999-இல் வந்துவிட்டது. 'டாப் செஃப்' மேடையில் அவர் ஏறியது 2006-இல், இரண்டாவது சீசனில். முதல் சீசனைத் தொகுத்தவர் கேட்டி லீ.

நாக்கைவிடத் தொகுப்பாளர் வேலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. போட்டியின் விதி, நேரம், பரிசு எல்லாவற்றையும் பிசகாமல் சொல்ல வேண்டும். ஒரு சொல் மாறினாலும் ஒரு போட்டியாளர் ஒரு மாதிரி, இன்னொருவர் வேறு மாதிரி புரிந்துகொண்டு சமைப்பார், பிறகு சண்டை. முகத்தில் பிடித்தது பிடிக்காதது தெரியக்கூடாது. தெரிந்தால் கடைசி நிமிட சஸ்பென்ஸ் போய்விடும். இந்தப் பயிற்சி அவருக்கு இத்தாலியில் கிடைத்தது. 1997-இல் 'ராய்' தொலைக்காட்சியின் 'தொமெனிகா இன்' நிகழ்ச்சியில் துணைத் தொகுப்பாளர். ஞாயிறு மதியம் முழுக்க மணிக்கணக்கில் நேரலை, அதுவும் பிறகு கற்றுக்கொண்ட மொழியில். தவறினால் மறுபடி எடுக்க வழியில்லாத இடம் அது.

அழகு என்று நீங்கள் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. வலது மேற்கையில் ஏழு அங்குலத் தழும்பு. பதினான்கு வயதில், கலிபோர்னியாவின் மலிபு கோயிலிலிருந்து திரும்பும்போது நடந்த கார் விபத்தில் எலும்பு நொறுங்கி, அறுவை செய்த அடையாளம். மாடலிங்கில் இப்படி ஒன்று இருந்தால் ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் மேக்கப் போட்டு மறைக்க வேண்டும். கையில்லாத உடை வந்தால் வாய்ப்பு கைமாறும். புகழ்பெற்ற ஃபேஷன் புகைப்படக்காரர் ஹெல்மட் நியூட்டன் அந்தத் தழும்புக்காகவே அவரைப் படமெடுத்தார். அதன் பிறகு அதுவே அவருடைய அடையாளமானது.

உடம்பு கொடுத்த விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீசன் தொடக்கத்தில் பதினைந்து பேராவது சமைப்பார்கள். தட்டுக்கு இரண்டு மூன்று வாய் என்றாலே கணக்குப் போட்டுப் பாருங்கள். யாருக்கும் அநியாயம் ஆகக்கூடாது என்றால் கடைசித் தட்டையும் முதல் தட்டுபோலவே சாப்பிட்டாக வேண்டும். ஒரு சீசனுக்கு ஐந்து முதல் ஏழு கிலோ வரை ஏறும் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படப்பிடிப்பு முடியும்போது தொடக்கத்தில் போட்ட உடைகள் ஏறாது.

பத்தொன்பது சீசன் தாக்குப்பிடித்தது எப்படி? அங்கே வெறும் சம்பளத் தொகுப்பாளராக நின்றுவிடாமல் நிர்வாகத் தயாரிப்பாளராகவும் ஆனார். 2020-இல் ஹுலு இணையத் தளத்தில் வந்த 'டேஸ்ட் த நேஷன்' என்ற உணவுப் பயணத் தொடர் அவரே உருவாக்கியது. யாரைப் பேட்டி காண்பது, எந்த ஊருக்குப் போவது என்பதெல்லாம் அவர் கையில். மாடல்களுக்கு முப்பதிலேயே வேலை குறையத் தொடங்கும் தொழிலில், ஐம்பதை நெருங்கும்போது இதைச் செய்தார். 2023-இல் 'டாப் செஃப்'பை விட்டபோது இடத்தைப் பிடித்தவர் கிறிஸ்டன் கிஷ், பத்தாவது சீசனை வென்ற சமையல்காரர். ஆக, உங்கள் சந்தேகம் சேனலுக்கும் கொஞ்சம் இருந்திருக்கலாம்!

பொதுவாழ்விலும் அவர் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்குபவர் அல்ல. பதின்ம வயதிலிருந்து மாதவிடாய் வலியால் துடித்தவருக்கு அது எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் நோய், என்று தெரிந்தது முப்பத்தாறாவது வயதில்தான். 2009-இல் அறுவை மருத்துவர் தாமர் செச்கினுடன் சேர்ந்து அதற்கென ஓர் அறக்கட்டளை தொடங்கினார். மாதவிடாய் பற்றித் தொலைக்காட்சிப் பிரபலங்கள் வாய் திறக்காத காலம். 2019-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நல்லெண்ணத் தூதரானார்.

அடுத்து எதைப் பார்ப்பது என்றால், 'டேஸ்ட் த நேஷன்' முதல் சீசனில் நியூயார்க்கில் எடுத்த தோசை பகுதியைப் பாருங்கள். அவருடைய அம்மாவும் நடிகையும் சமையல் நூலாசிரியருமான மதுர் ஜாஃப்ரியும் வருகிறார்கள். எதிரில் இருப்பவரைப் பேசவிட்டு அவர் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.