சிறுவர் கலை அறக்கட்டளை: பணம் எங்கிருந்து வரும், யார் பொறுப்பேற்பது?

கேள்வி: எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பறையும் ஒயிலாட்டமும் கற்றுக்கொடுக்கிறோம். இதை அறக்கட்டளையாகப் பதிவு செய்ய விரும்புகிறோம். நிதியை எப்படித் திரட்டுவது? நிர்வாகக் குழுவை எப்படி அமைப்பது?

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், மதுரைக்கு அருகே ஒரு சிற்றூரில் இதேபோன்ற அறக்கட்டளை ஒன்றுக்கு ஒன்பது ஆண்டுகளாகப் பொருளாளராக இருக்கிறேன். ஞாயிறுதோறும் ஏறத்தாழ நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள். இத்தனை ஆண்டுகளில் பண நெருக்கடி என்று நாங்கள் கருதிய பெரும்பாலானவை, எந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம், அதை யார் முடிவு செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைக்காததால் வந்தவை. ஆகவே உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் மாதச் செலவை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு இட வாடகை 6,000 ரூபாய். மூன்று ஆசிரியர்களுக்குத் தலா 4,000 வீதம் 12,000. ஞாயிறுகளில் சுண்டலுக்கும் தேநீருக்கும் 2,400. பறைக்குத் தோல் மாற்றுவது, அடிக்குச்சி, சிண்டுக்குச்சி, சலங்கை மணி ஆகியவற்றுக்கு 1,500. ஆடிட்டர் கட்டணத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் 2,000. ஆக மாதம் 23,900 ரூபாய். ஆண்டு விழாவுக்கு மேடை போடவும் பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் உடை எடுக்கவும் பணம் தர ஆட்கள் முன்வருவார்கள். வாடகைக்கும் ஆசிரியர் ஊதியத்துக்கும் தர முன்வருபவர்கள் மிகக் குறைவு. ஆனால் வாடகையும் ஊதியமும் நின்றால் வகுப்பே நின்றுவிடும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதமன்று. மூன்றாம் ஆண்டில் ஒரு நிறுவனம் ஆண்டு விழாவின் உடைக்கும் மேடைக்கும் என்று குறிப்பிட்டு இரண்டு தவணைகளில் நிதி தர ஒப்புக்கொண்டது. முதல் தவணை வந்தபோது இரண்டு மாத வாடகை பாக்கி இருந்தது. அடுத்த நன்கொடை வந்ததும் ஈடுசெய்துவிடலாம் என்று எண்ணி, அந்தப் பணத்திலிருந்தே வாடகையைக் கட்டச் சொல்லிக் காசோலையில் கையெழுத்திட்டேன். யாரும் ஒரு ரூபாயைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும், குறித்த நோக்கத்துக்கே பணம் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் கையெழுத்திட ஆடிட்டர் மறுத்தார். அவர் செய்தது சரி. இரண்டாம் தவணை வரவே இல்லை. தைக்கக் கொடுத்திருந்த உடைகளைப் பணம் கட்டி வாங்க முடியாமல், பிள்ளைகள் அந்த ஆண்டு பள்ளிச் சீருடையிலேயே ஆடினார்கள். அதை நான் இன்றும் மறக்கவில்லை. அன்றிலிருந்து குறித்த நோக்கத்துக்கு வரும் நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்திருக்கிறோம்; கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் குழுவின் தீர்மானமும் இன்றி அதிலிருந்து வேறு செலவுக்குப் பணம் நகராது.

மாதச் செலவுக்கு நாங்கள் கண்ட வழி, மாதம் 200 ரூபாய் தரும் 120 பேர். கணக்குப்படி 24,000 வரும். இவர்களில் பலர் பிள்ளைகளின் பெற்றோருடைய நண்பர்கள், ஊரை விட்டு வேலைக்குப் போனவர்கள், எங்களிடம் பயின்று இப்போது சம்பாதிக்கும் இளைஞர்கள். இந்த எண்ணிக்கையை அடைய நான்கு ஆண்டுகள் ஆயின. வருமான வரிச் சலுகையைக் காட்டி இவர்களைச் சேர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி அங்கீகாரம் அவசியம் வாங்க வேண்டியதுதான். ஆனால் புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது, பழைய முறையில் இருப்பவர்களுக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் பிரிவு எண்களை மாற்றியிருந்தாலும், நடைமுறையில் எல்லோரும் 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரி விலக்குத் தரும் பதிவு), 80ஜி என்றே பேசுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன். பதிவு செய்தவுடன் இவ்விரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். முதலில் மூன்றாண்டுக்குத் தற்காலிகமாகக் கிடைக்கும். தேதியைக் குறித்து வைத்துக் காலாவதிக்கு முன்பே புதுப்பிக்காவிட்டால் அலைச்சல் அதிகம்.

ஆறு மாதச் செலவையாவது கையிருப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்கு ஒரு தடை உண்டு. வரி விலக்குக் கிடைக்க, ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அறக்கட்டளையின் நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். மீதி 15 விழுக்காட்டைத்தான் நிபந்தனையின்றிச் சேர்த்து வைக்க முடியும். எங்கள் அளவில் அது ஆண்டுக்கு 43,000 ரூபாய் சொச்சம். ஆறு மாதக் கையிருப்பு 1,43,400 ரூபாய் என்பதால், அது சேர மூன்றாண்டுக்கு மேல் பிடிக்கும். முதலாண்டிலேயே தொடங்கிவிடுங்கள்.

பெரிய நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதியைப் பலரும் முதலில் நினைக்கிறார்கள். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டும் நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம். மரபுக் கலை வளர்ச்சி அதன் ஏழாவது அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் வெளி அமைப்பு ஒன்று இந்த நிதியைப் பெற, அதே துறையில் மூன்றாண்டுப் பணி அனுபவமும் சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தின் வழியே பதிவும் வேண்டும். ஆகவே இப்போதைக்கு இது உங்களுக்கு எட்டாது. பின்னாளில் பேசும்போது, நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லி உங்கள் வாடகையையும் ஊதியத்தையும் வெட்டச் சொன்னால், அந்த வரம்பு நிறுவனத்தின் சொந்த நிர்வாகச் செலவுக்கு உரியது என்பதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு உறவினர்கள் அனுப்பும் பணத்தில் மிகுந்த கவனம் வேண்டும். துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. கனடாவின் குடியுரிமை பெற்றுவிட்ட சித்தப்பா அனுப்பும் 5,000 ரூபாய், அவரிடம் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடையே. வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்றாண்டு இயக்கமும், அந்த மூன்றாண்டில் முதன்மைப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும்; எங்களைப் போன்ற சிறிய அமைப்புகளுக்கு அது எட்டாத தொகை. அன்போடு அனுப்ப வருபவரிடம் வேண்டாம் என்று சொல்வது மனத்துக்குக் கடினமாக இருக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி நிர்வாகக் குழு. கலை அமைப்புகள் பெரும்பாலும் ஓர் ஆசானைச் சுற்றியே உருவாகின்றன. அவர் மனைவியும் மைத்துனரும் அறங்காவலர்கள் ஆகிவிடுகிறார்கள்; காசோலைப் புத்தகம் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவர் நேர்மையானவராக இருக்கும் வரையில் தவறில்லை என்று சொல்வார்கள். நேர்மையான மனிதருக்குத்தான் இந்த ஏற்பாடு பெரிய தீங்கு செய்கிறது. சந்தேகம் என்று ஒன்று எழுந்தால் தன் நேர்மையைக் காட்ட அவர் கையில் ஒரு தாளும் இருக்காது. ஐந்து அறங்காவலர்கள் இருக்கட்டும். அவர்களில் உறவினர்கள் இருவருக்கு மேல் வேண்டாம். ஒரு பெற்றோரும், பதினெட்டு வயதைக் கடந்த முன்னாள் மாணவர் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். காசோலையில் இரண்டு கையெழுத்துகள். ஆசான் அறங்காவலராக இருந்து நியாயமான ஊதியம் பெறுவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அந்த ஊதியத்தை முடிவு செய்யும் நேரத்தில் அவர் அறைக்கு வெளியே இருக்க வேண்டும், அவர் எழுந்து சென்றார் என்பது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும்.

அறக்கட்டளையா சங்கமா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். செயற்குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டைத் தாண்டாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். கலைஞர்களே உரிமையாளர்களாக இருக்க விரும்பினால் இந்த வடிவமே பொருந்தும். காஞ்சிபுரத்துக்கு அருகே கூத்துக் கலைஞர்கள் 1990-இல் கூடி அமைத்த கட்டைக்கூத்துச் சங்கம், 2002-இல் பிள்ளைகளுக்கான குருகுலத்தையும் தொடங்கியது. அறக்கட்டளை என்றால், பத்திரத்தில் எழுதாவிட்டால் அறங்காவலர் ஆயுள் முழுவதும் நீடிக்கலாம். ஆகவே பதவிக்காலம், கூட்டத்துக்கான குறைந்தபட்ச வருகை, விலக்கும் முறை ஆகியவற்றைச் சார்பதிவாளரிடம் செல்லும் முன்பே எழுதிவிடுங்கள்.

குழு உறுதியாக நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. உங்கள் பிள்ளைகள் நன்றாக ஆடத் தொடங்கியதும் கடைத் திறப்புக்கும் விளம்பர விழாவுக்கும் பணம் தந்து அழைப்பார்கள். மாதச் செலவு இழுபறியில் இருக்கும்போது அந்தத் தொகை பெரிதாகத் தெரியும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தமும் அடுத்து வந்த விதிகளும் வணிக நிகழ்ச்சிகளில் பிள்ளைகள் பங்கேற்க நிபந்தனைகள் விதிக்கின்றன: மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வின்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு அவர் பெயரில் வங்கி வைப்பாகச் செல்ல வேண்டும். எங்கள் குழு அத்தகைய அழைப்புகளை ஏற்பதில்லை என்றே தீர்மானித்தது. அதே கூட்டத்தில், எந்தப் பெரியவரும் பிள்ளை ஒருவரோடு தனியறையில் இருக்கக் கூடாது என்றும், புகார் வந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பதை யாரும் தள்ளிப்போடக் கூடாது என்றும் எழுதி, ஆசிரியர்கள் அனைவரிடமும் கையெழுத்து வாங்கினோம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வகுப்பு முடிந்ததும் பெற்றோர் முன் கணக்கை வாசிக்கிறேன். வைக்கோல் தீயில் பறை காய்ச்சிய புகை வாசனை முற்றத்தில் இருக்கும். சென்ற மழைக்காலத்தில் ஒரு தாய் எழுந்து, “ஐயா, தோல் மாத்துன செலவு போன தடவையை விட ரெண்டு மடங்கா இருக்கே?” என்று கேட்டார். வவுச்சரை எடுத்துப் பார்த்தேன். ஒரே பற்றுச்சீட்டை இரண்டு முறை பதிந்திருந்தேன். அங்கேயே அடித்துத் திருத்தி, பக்கத்தில் அவரையும் கையெழுத்திடச் சொன்னேன்.