நிறம் பார்த்துத் திருப்பி அனுப்பினால்: பிரிட்டன் வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: உணவகத்தில் இடமில்லை என்றார்கள். பின்னால் வந்த வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு உடனே மேசை கிடைத்தது. இனத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வழக்கு நிற்குமா? (ஹாரோ)

நிற்கலாம். இந்தக் காலத்தில் யாரும் காரணத்தைச் சொல்லிவிட்டு விரட்டுவதில்லை. அது நீதிபதிகளுக்கும் தெரியும். பாகுபாடு நடந்திருக்கும் என்று கருத இடம் தரும் உண்மைகளை நீங்கள் வைத்துவிட்டால், வேறு காரணம் இருந்தது என்று காட்டும் பொறுப்பு உணவகத்தின் தலையில் விழும். சரி, அந்தக் குடும்பம் முன்பதிவு செய்திருந்ததா? கடிதத்தில் அதைக் காணோம். எதிர்த்தரப்பு முதலில் பிடிக்கப்போவது அதைத்தான்.

கேள்வி: மறுத்தவரும் தெற்காசியர்தான். அப்போதும் வழக்குப் போடலாமா?

போடலாம். பாகுபாடு காட்டியவரின் இனம் எதுவாக இருந்தாலும் 2010 சமத்துவச் சட்டம் பொருட்படுத்தாது.

கேள்வி: ஒரு கடையில் என்னை மோசமாக நடத்தினார்கள். என்ன செய்யலாம்?

எந்தக் கடை, எந்தத் தேதி, யார் என்ன சொன்னார்? ஒன்றும் எழுதாமல் வழி கேட்டால் எப்படிச் சொல்வது? மரியாதைக் குறைவு மட்டும் இனப்பாகுபாடு ஆகிவிடாது. நடந்ததைத் தேதியோடு எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: எல்லோரையும் விட்டுவிட்டு என் பையை மட்டும் கடைக் காவலாளி சோதித்தார். தலைமை அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். ஏழு மாதம் ‘விசாரிக்கிறோம்’ என்று மின்னஞ்சல் அனுப்பியவர்கள், இப்போது தவறே நடக்கவில்லை என்கிறார்கள். (ஈஸ்ட் ஹாம்)

எத்தனை முறை எழுதினாலும் இதே கடிதம் வருகிறது, மனம் வலிக்கிறது. சம்பவம் நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவு, அதுதான் வழக்குப் போடக் கெடு. நிறுவனத்திடம் புகார் கொடுத்ததால் கெடு நீளாது. அவர்கள் விசாரிக்கட்டும், நீங்கள் கெடுவுக்குள் கவுண்டி நீதிமன்றத்தில் (உரிமையியல் வழக்குகளைக் கேட்கும் உள்ளூர் நீதிமன்றம்) மனுவைப் போட்டிருக்க வேண்டும். நியாயம் என்று தோன்றினால் நீதிமன்றம் கெடுவைத் தளர்த்தலாம். அந்த மின்னஞ்சல்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆனால் தளர்த்துவார்கள் என்று நம்பி யாரும் உட்காரக் கூடாது.

சிசிடிவி பதிவையும் பல கடைகள் ஒரு மாதம் போல்தான் வைத்திருக்கும். உங்கள் உருவம் பதிந்த காட்சியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நடந்த அன்றே, எழுத்தில் கேளுங்கள்.

இந்த உரிமை லேசில் வந்ததல்ல. 1943-ல் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைனை லண்டன் இம்பீரியல் ஹோட்டல் தங்கவிடவில்லை. அப்போது இனப்பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டமே இல்லை. விடுதிக்காரர் பயணியை ஏற்க வேண்டும் என்ற பழைய பொதுச்சட்டக் (தீர்ப்புகள் வழியாக உருவான சட்டம்) கடமையைப் பிடித்துத்தான் கான்ஸ்டன்டைன் 1944-ல் ஜெயித்தார். கிடைத்தது ஐந்து கினி, அதாவது ஐந்தேகால் பவுண்டு. 1965, 1968 இன உறவுச் சட்டங்கள் வந்த பிறகும் பாதிக்கப்பட்டவர் நேராக நீதிமன்றம் போக முடியவில்லை. அந்தச் சட்டம் அமைத்த இன உறவு வாரியத்தின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. 1976-ல்தான் அந்தக் கதவு திறந்தது. அதை ஒரு வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் பதிலுக்காகக் காத்திருந்து இழக்காதீர்கள்.

கேள்வி: என்னால் என் வெள்ளைக்காரக் கணவரையும் வெளியே அனுப்பினார்கள். அவரும் வழக்குப் போடலாமா?

தாராளமாக. உங்கள் இனத்தின் காரணமாக அவர் பாதிக்கப்பட்டாலும் அது இனப்பாகுபாடுதான்.

கேள்வி: வெயிட்டர் மீதா, நிறுவனத்தின் மீதா?

நிறுவனத்தின் மீது. முதலாளிக்குத் தெரியாமல் நடந்திருந்தாலும் பொறுப்பு அவருடையதே. தடுக்க நியாயமான எல்லா ஏற்பாடும் செய்திருந்தேன் என்று நிரூபித்தால் மட்டுமே தப்பலாம்.

கேள்வி: எவ்வளவு பணம் கிடைக்கும்?

ஒரே ஒரு சம்பவம் என்றால், மன வேதனைக்கான இழப்பீடு பெரும்பாலும் நீதிமன்றங்கள் பின்பற்றும் அளவுகோலின் கீழ்த்தட்டில்தான் நிற்கும்: ஏறக்குறைய 1,200 முதல் 12,000 பவுண்டு வரை. கேட்கும் தொகை 10,000 பவுண்டுக்கு உட்பட்டு, சிறு வழக்குப் பிரிவில் நடந்தால், தோற்றாலும் எதிர்த்தரப்பு வக்கீல் செலவு பொதுவாக உங்கள் மேல் விழாது. அதற்கு மேல் போனால் விழலாம். அதைக் கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அப்புறம், மறுபடியும் சொல்கிறேன், ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவு.