பாட்டு கேட்டு இந்தோனேசிய மொழி படிக்கிறவருக்கு

ஆறு மாதம் இந்தோனேசிய மொழி படித்தும் டென்னி சக்னன் பாட்டில் ஒரு வரிகூடப் பிடிபடவில்லை, படிப்பை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். அவர் பெரும்பாலும் பாடுவது ஜாவானிய மொழியில். அது வேறு மொழி. இந்தோனேசியர்களிலேயே பலருக்கு அது தெரியாது.

அவர் கிழக்கு ஜாவாவின் ஙாவி ஊர்க்காரர். ஜாவானியக் காதல் தோல்விப் பாட்டுகளை நகரத்து இளைஞர்கள் 2019 வாக்கில் தலையில் வைத்துக் கொண்டாடியதற்குப் பெரிய காரணம் பாடகர் தீதி கெம்போட். மறு ஆண்டே தீதி காலமானது இன்றும் மனதை வருத்துகிறது. அந்த அலை ஓயவில்லை. 2022 ஆகஸ்ட் 17 சுதந்திர தின விழாவில், அதிபர் மாளிகையிலேயே ஒரு சிறுவன் ஜாவானியப் பாட்டுப் பாட அமைச்சர்கள் எழுந்து ஆடினார்கள்.

சரி, மொழி படிக்க துலுஸ் என்ற பாடகரைக் கேளுங்கள். உச்சரிப்பு அவ்வளவு தெளிவு, அவசரமே இல்லை. அப்புறம் ஷீலா ஆன் 7. ஜாவாவின் யோக்யகர்த்தா இசைக்குழுதான், ஆனால் பாடுவது இந்தோனேசிய மொழியில். டாங்டுட் என்ற இந்தோனேசிய வெகுஜன இசையின் தாளம்தான் வேண்டுமென்றால் ரோமா இராமா இருக்கிறார். பழைய இந்திப் படப் பாட்டின் சாயல் கேட்டதும் தெரியும். டென்னியையும் நிறுத்த வேண்டாம், இப்போதைக்கு இசைக்காக மட்டும் கேளுங்கள்.