மெதுவாக ஓடுகிறவன் ஃபாக்லாந்து தீவின் சனிக்கிழமை ஓட்டத்துக்குப் போகலாமா?

மும்பையிலிருந்து பயணிகள் கப்பலில் வேலைக்குச் சேரப் போகிறீர்கள், கப்பல் தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாக்லாந்து தீவுகளில் நிற்கும், அங்கே நடக்கும் பார்க்ரன்னில் (சனிக்கிழமை காலையில் தன்னார்வலர்கள் நடத்தும் இலவச 5 கிலோமீட்டர் ஓட்டம்) ஓட ஆசை, ஆனால் 5 கிலோமீட்டருக்கு 50 நிமிடம் ஆகும், கடைசியாக வந்து அசிங்கப்பட நேருமோ என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். அந்த "கடைசி" என்ற வார்த்தைக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

நான் செம்பூர்க்காரன். சில வருடங்களுக்கு முன் மும்பையில் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பணம் கட்டிச் சேர்ந்தேன். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். மூன்று மாதம் சேடா நகர் முருகன் கோவில் படிகளில் விடிகாலையில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்திருந்தேன். ஓட்டத்தின் கடைசிக் கிலோமீட்டரில் பார்த்தால், தண்ணீர் வைத்திருந்த மேஜைகளை மடக்கி டெம்போவில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். முடிவுக் கோட்டில் நிறுத்தியிருந்த காற்றடைத்த வளைவைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பையன்கள் அதன்மேல் முழங்காலை ஊன்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மெடல் தீர்ந்துவிட்டதாம். ஃபிளாஸ்க்கில் காபியோடு வெயிலில் காத்திருந்த அம்மா, "முடிச்சிட்டியாப்பா? கோடு எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. திரும்பும்போது லோக்கல் ரயிலில் மெகா பிளாக், அதாவது தண்டவாள வேலைக்காக ரயில்களை நிறுத்திவைத்திருந்தார்கள். பஸ்ஸுக்கு நின்று, மாறி ஏறி, வீடு வர மதியம் இரண்டு ஆகிவிட்டது. வாரம் முழுக்க உழைக்கிறவனுக்கு இருப்பது ஒரே ஒரு ஞாயிறு. தண்டவாளத்தைப் பழுது பார்க்கத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நாலு பஸ்ஸாவது கூடுதலாக விடக் கூடாதா? எழுபது வயது மனுஷி எவ்வளவு நேரம்தான் நிற்பார்? சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நான் கப்பலில் சமையற்கட்டில் வேலை பார்த்தேன். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை ஃபாக்லாந்தின் தலைநகர் ஸ்டான்லிக்கு வெளியே நங்கூரம் போட்டார்கள். கோவாக்காரர் ஒருவர் என் காலை ஷிஃப்டை ஏற்றுக்கொண்டதால் டெண்டர் படகில் (கப்பலிலிருந்து கரைக்கு ஆட்களைக் கொண்டுபோகும் சின்னப் படகு) கரைக்குப் போக முடிந்தது. ஓட்டம் நடப்பது ஊருக்குக் கிழக்கே, கேப் பெம்புரோக் கலங்கரை விளக்கம் இருக்கும் பக்கம். ஊரிலிருந்து நடந்து போகிற தூரமில்லை, டாக்சிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய கப்பல்காரர்கள் "கண்ணிவெடி இருக்கு, தடம் மாறாதே" என்று பயமுறுத்துவார்கள். பிரிட்டனும் அர்ஜென்டினாவும் இந்தத் தீவுகளுக்காகச் சண்டை போட்ட 1982 போரில் புதைத்தவை அவை. 2020-இலேயே முழுவதும் எடுத்து முடித்துவிட்டார்கள்.

அன்று நாங்கள் இருபது பேர்கூட இல்லை. புதிதாக வந்தவர்கள் யார் என்று கேட்டார்கள். "மும்பை, செம்பூர்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிய கைகளில் பாதி உறைக்குள் இருந்ததால் சத்தம் மெத்தென்று வந்தது. டிசம்பர் அங்கே கோடைதான், இருந்தாலும் என் விரல்கள் மரத்துப் போயிருந்தன. தடுக்க ஒரு மரம் கிடையாது. மேற்கே திரும்பியதும் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போல இருந்தது. மூன்றாவது கிலோமீட்டரில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். முன்னால் ஒருவரும் இல்லை.

பின்னால் ஒரு பெரியம்மா வந்துகொண்டிருந்தார், பளிச்சென்ற மேல்சட்டை போட்டு, தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. "நீங்கள் முன்னால் போங்கள்" என்றேன். "முடியாது தம்பி, கடைசியாக வருவதுதான் இன்றைக்கு என் வேலை" என்றார். (ஆங்கிலத்தில்தான் சொன்னார், என் காதில் தம்பி என்றுதான் விழுந்தது.) உண்மையிலேயே அப்படி ஒரு பொறுப்பு பார்க்ரன்னில் உண்டு. ஒரு தன்னார்வலர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். கடைசி இடம் அவருடையது, உங்களுக்குக் கிடைக்காது. 2004-இல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேரோடு இதை ஆரம்பித்த பால் சின்டன்-ஹியூயிட்டே அப்போது காயத்தால் ஓட முடியாமல் இருந்தவர்தானே.

46 நிமிடம் ஆனது. கோடு அங்கேயே இருந்தது. கடிகாரத்தோடு ஒருவர் நின்றிருந்தார். நான் எத்தனையாவதாக வந்தேன் என்ற எண் போட்ட சின்ன வில்லையைக் கையில் கொடுத்தார்கள். அதையும், பதிவு செய்தபோது எனக்குக் கிடைத்த பார்கோடையும் ஸ்கேன் செய்துவிட்டு வில்லையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசே வரவில்லை.

"5 கிலோமீட்டர் எல்லாம் ஒரு ஓட்டமா" என்று சிலர் கீழே எழுதுவார்கள். வேகமாக ஓடுகிறவர்கள் மேல் எனக்குக் குறையில்லை, அவர்கள் உழைப்பு பெரியது. நான் சொல்வது மெதுவாக வருகிறவனுக்காகக் கோட்டை அழிக்காமல் வைத்திருப்பதைப் பற்றி.

கிளம்பும் முன் மும்பையிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். இலவசம், ஒரு தடவை செய்தால் போதும், அதே பார்கோடு எந்த நாட்டு பார்க்ரன்னிலும் செல்லும். அதைக் காகிதத்தில் அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பார்கோடு இல்லாமலும் ஓட விடுவார்கள், ஆனால் முடிவுப் பட்டியலில் உங்கள் பெயர் வராது. அப்புறம், காற்று கூடினால் டெண்டர் படகை நிறுத்திவிடுவார்கள். அதனால் கடைசிப் படகை நம்பாமல் அதற்கு முந்தையதில் திரும்பிவிடுங்கள். கப்பல் சனிக்கிழமை அங்கே நிற்கிறதா என்று முதலில் அட்டவணையைப் பாருங்கள்.