கம்மாலையில் கத்தி அடிக்கக் கொடுக்கும்போது என்ன அளவு சொல்வது?

வெள்ளவத்தையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: கடைக் கத்திகள் எல்லாம் வளைந்து போகின்றன, மீன், கோழி வெட்ட, தேங்காய் உடைக்க, பிலாக்காய் கொத்த என்று ஒரே கத்தியாகக் கம்மாலையில் அடிப்பிக்க நினைக்கிறேன், எத்தனை அங்குலம் சொல்வது, மன்னாக் கத்தி மாதிரி இருந்தால் நல்லதா?

நீளத்தை முதலில் விடுங்கள். கையை நோகப்பண்ணுவது கத்தி முதுகின் தடிப்புத்தான். நான் முதன்முதலில் அடிப்பித்தபோது "நல்ல பாரமாக இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன், அவர்களும் லொறி ஸ்பிரிங் பட்டையைக் கிட்டத்தட்ட அப்படியே 6 மில்லிமீற்றர் முதுகோடு கத்தியாக்கித் தந்தார்கள். தேங்காய் உடைந்தது. வெங்காயமும் வெட்டுப்படாமல் உடைந்தது!

உங்கள் வேலைக்குப் பிடியடியில் 4 மில்லிமீற்றர், முனைக்கு வரும்போது 2 ஆகக் குறையட்டும். முதுகிலிருந்து வாய் (வெட்டும் விளிம்பு) வரை சீராக மெலிந்து வந்து, கடைசி அரை அங்குலத்தில் மட்டும் பக்கங்கள் இலேசாகப் புடைத்திருந்தால் கோழி எலும்பில் பட்டாலும் கூர் சட்டென்று மடங்காது. சாணை பிடிக்கும்போது பக்கத்துக்கு 20 பாகை போதும். மாட்டெலும்பை இறைச்சிக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள், அதற்கு வேறு கத்தி.

மன்னாக் கத்தி முனைப்பக்கம் அகன்று பாரம் முன்னால் நிற்பதால், கையை ஓங்கிக் கொப்பு வெட்டத் தோது. குசினியில் யார் ஓங்குகிறார்கள்? மணிக்கட்டுத்தான் களைக்கும். பிடியிலிருந்து ஒரு அங்குலம் முன்னால் விரலை வைத்தால் கத்தி சமமாக நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. வாய் பெரும்பாலும் நேராக, முன் மூன்றிலொரு பங்கு மட்டும் மெல்ல மேலே ஏறட்டும், முனை கூராக இருந்தால் மீன் வயிறு கீறலாம். தேங்காயை முதுகால்தான் தட்டி உடைக்க வேண்டும், ஆகவே முதுகு தட்டையாக இருக்கட்டும். நீளம் 8 அங்குலம், அகலம் இரண்டேகால், சரி.

ஸ்பிரிங் இரும்பில் கரி (காபன்) ஏறத்தாழ 0.6 வீதம் இருக்கும். அடித்த கத்தியைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கச் சொல்லுங்கள், தண்ணீரில் தோய்த்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழலாம். தோய்த்ததோடு விட்டால் கண்ணாடி மாதிரி நொறுங்கும்; மீண்டும் இளஞ்சூடு காட்டி, வாய்ப்பக்கம் வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும், முதுகு நீலம் பாய்ந்தாலும் பரவாயில்லை. கத்தியை வாங்கும்போது புது அரம் ஒன்றை வாயில் இழுத்துப் பாருங்கள், சிரமப்பட்டுத்தான் கடிக்க வேண்டும், சவர்க்காரத்தில் இறங்குவது மாதிரி இறங்கினால் திருப்பிக் கொடுங்கள்.

பிடி நாலரை அங்குலம், உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவில்: மீன் வழுவழுப்பில் கத்தி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்கே தெரியும். அப்புறம், உங்கள் பக்கம் கடற்காற்று. கழுவியதும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசாவிட்டால் அடுத்த நாளே துரு. பிலாக்காய்க்கு வெட்ட முன்னமே பூசுங்கள், பால் ஒட்டாது.

போக முன் இந்த அளவில் தடித்த அட்டை ஒன்றை வெட்டி, தடிப்பையும் அதிலேயே எழுதி, பலகையில் வைத்து வெங்காயம் அரிவது போலப் பிடித்துப் பாருங்கள். விரல்முட்டி பலகையில் இடித்தால் அகலத்தைக் கால் அங்குலம் கூட்டி வேறு அட்டை வெட்டுங்கள்; சரிவந்த அட்டையையே கம்மாலையில் கொடுங்கள்.